புதிதாய்த் திறக்கவிருக்கும் உணவுச்சாலைகள்

நமது மதுரை மாநகரில் இப்பொழுது எத்தெருவிற் சென்றாலும் ஏதேனுமொரு கட்டிடத்தின் முகப்பிற் புதுச்சாயம் பூசப்படுவதைக் காண்கின்றோம். கே. கே. நகர், அண்ணா நகர், காளவாசல், பைபாஸ் சாலை ஆகிய இடங்களில் நேற்றுவரை துணிக்கடையாகவோ குடியிருப்பு வீடாகவோ இருந்தவை இன்று உணவுச்சாலைகளாக மாறி வருகின்றன. 'விரைவில்' என்னும் ஒரு சொல்லை மட்டும் தாங்கி நிற்கும் பலகைகள் பல. தைப்பொங்கலுக்குள் திறந்துவிட முயல்வோர் சிலர். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை எதிர்நோக்கியிருப்போர் வேறு சிலர். இவற்றின் வரவுபற்றி நம் மாணாக்கரிடையே மகிழ்ச்சியும் பெரியோரிடையே முணுமுணுப்பும் நிகழ்வதால், நமது கருத்தையும் ஈண்டு உரைக்கத் துணிகின்றோம்.

பெரியோர் கூறுவது யாது? மக்கள் வீட்டில் உலை வைப்பதை மறந்தனர் என்பதும், கண்டவிடத்து உண்ணும் வழக்கம் மேனாட்டாரிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய் என்பதுமே. இதனை நாம் ஒப்புவதற்கில்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியைக் கற்றோர், இந்நகரிற் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நிகழ்ந்தமையை அறிவர். மெல்லிய அடைகளையும் மோதகங்களையும் விற்ற கூவியர் என்போர், இரவு முதிர்ந்த பொழுதில் தம் பண்டங்களோடு தூங்கி வழிந்தனர் என்பதனையும் அப்புலவர் மறவாது பாடியுள்ளார். விலைக்கு உணவு வாங்கி உண்ணுதல் மதுரைக்குப் புதிதன்று. இன்றைக்கும் உணவுச்சாலையை நாடுவோர் யாவர் என்று பார்த்தால், இராசாசி அரசு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வாயிலிற் காத்திருக்கும் வெளியூர் மக்களும், மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த யாத்திரிகரும், மாட்டுத்தாவணியில் நள்ளிரவில் இறங்குவோரும், சமையலறையில்லாத ஒற்றை அறைகளிற் குடியிருக்கும் தொழிலாளரும், நம் மாணாக்கருமே மிகுதியாகக் காணப்படுவர். இவர்களையெல்லாம் வீட்டிற்போய் உண்ணுங்கள் என்று சொல்வது எளிது. வீடு எங்கே என்று அவர்கள் கேட்டால் விடை கூறுவது அரிது.

மற்றொரு முறைப்பாடு, திறக்கவிருக்கும் கடைகளில் அயல்நாட்டுப் பண்டங்களே மிகுந்திருக்கின்றன என்பது. அரபு நாட்டு மந்திச் சோறு, கொரிய நாட்டு நூடுல்ஸ், திபெத்திய மோமோ, இத்தாலியரின் பிட்சா என்று பலகைகள் பேசுவது மெய்யே. ஆயினும் நம் சாம்பாரிலுள்ள மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. காப்பியும் தேயிலையும் இடையில் வந்தவை. மதுரையின் பெருமையென்று நாம் விருந்தினர்க்கு வாங்கித் தரும் ஜிகர்தண்டாவோ பெயரளவிற்கூடத் தமிழன்று. பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் கலந்த அப்பானத்தை நம்முடையதாக்கிக்கொண்ட ஊருக்கு மந்திச் சோற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. (மந்தியை உண்டபின் ஜிகர்தண்டாவும் பருகுவோர் தம் வயிற்றைப்பற்றி அஞ்சலாம், அது வேறு செய்தி.)

நிற்க. நமது கவலை இலையிலோ தட்டிலோ என்ன விழுகின்றது என்பதைப் பற்றியதன்று. அதனை இடுவோர் எந்நிலையில் உள்ளனர் என்பதைப் பற்றியது. உணவுச்சாலையின் முன்வாயில் கண்ணாடியாலும் விளக்காலும் பொலிகின்றது. பின்வாயிலைச் சென்று பார்ப்பவர் இலர். அடுப்பின் வெக்கையில் நிற்கும் பரோட்டா மாஸ்டர், பாத்திரம் கழுவும் மூதாட்டி, மேசை துடைக்கும் இளைஞன், இவர்கள் காலை முதல் இரவுவரை உட்காருவது எப்பொழுது? கடையில் வேலை செய்வோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமெனக் கேரளத்தார் 2018ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டார் 2021ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்தினர். நின்றே வேலை செய்து காலில் நரம்பு புடைத்தவர்களின் துன்பத்தைக் கண்டு எழுந்த சட்டம் அது. துணிக்கடைக்கு வேண்டுவது சோற்றுக்கடைக்கு வேண்டாவோ? இருநூறு பேர் அமர இடம் வகுக்கும் முதலாளி, பின்கட்டில் நாலைந்து முக்காலிகளுக்கு இடமில்லையென்றால் நம்புதற்கில்லை.

பத்துப்பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கலாமெனத் தமிழ்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டில் ஆணையிட்டு, 2022ஆம் ஆண்டில் அதனை நீட்டித்தது. அந்த ஆணையிலேயே ஒருவரிடம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்திற்கு 48 மணி நேரமுமே வேலை வாங்க வேண்டுமென்ற விதியும், வாரத்திற்கு ஒருநாள் ஓய்வளிக்க வேண்டுமென்ற விதியும் உள. ஆணையின் முற்பகுதியைப் பலகையில் எழுதி வைப்போர் பிற்பகுதியையும் எழுதி வைத்தால் நன்று. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை உணவுச்சாலைகளில் அமர்த்தலாகாதென்ற தடை 2006ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது. 2016ஆம் ஆண்டில் அத்தடை எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. ஆகவே அவ்விடங்களில் இப்பொழுது சிறுவரை விட வடமாநிலத்து இளைஞரையே மிகுதியும் காண்கின்றோம். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. கணக்குக் கேட்கவும் அறியார். பெரும்பாலும் கடையின் மாடியிலேயே துயில்கின்றனர். கூவியர் தம் பண்டங்களோடு தூங்கி வழிந்த காலத்திற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

உடனுண்ணல் என்பது மிஷன் கல்லூரியிற் பயில்வோர்க்குப் பழைய பாடம். 1834ஆம் ஆண்டில் மதுரையில் ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷனார், சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், சாதி பாராது யாவரும் ஒருங்கிருந்து உண்ணும் 'அன்பின் விருந்தை'ச் சபையாரிடம் கேட்டபொழுது, வேதத்தை ஏற்றவர்கள் பலர் அவ்விருந்தை ஏற்க மறுத்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி இட்டதனால் தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1957ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர் நாடோறும் மறியல் செய்து சிறை சென்றனர். உணவுச்சாலைக்குள் எவரையும் சாதி, மதம் பற்றித் தடுத்தலாகாதென்று இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கூறுகின்றது.

புதிய கடைகளில் நீ என்ன சாதி என்று கேட்பாரில்லை, மகிழ்ச்சியே. ஆயினும் வேறொரு பந்தி வந்து விட்டதை நாம் காணாமலிருக்க முடியவில்லை. தொலைபேசியிற் கேட்டவர்க்கு உணவு சுமந்து செல்லும் இளைஞர்கள் பல கடைகளில் முன்வாயிலால் நுழைதல் கூடாது. வெயிலில் அரைமணி காத்திருப்பினும் உள்ளேயுள்ள நாற்காலி அவர்களுக்கன்று. குடிநீர் கேட்டாலும் முகம் சுளிப்போர் உளர். கழிப்பறையைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. விருந்தினர் கண்ணிற் படலாகாதென்று அவர்களைப் பக்கச் சந்தில் நிறுத்தும் கடைகளும் இருக்கின்றன. மாலையில் இவ்வேலை செய்து கல்லூரிச் சம்பளம் கட்டுவோர் நம் வகுப்புகளிலேயே இருக்கின்றனர். பகலில் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவன், இரவில் நாம் உண்ணும் கடையின் சந்தில் நிற்கின்றான். அவனைக் கண்டும் காணாதவர் போல் இருப்பதற்கு எந்தக் கல்வி நமக்குக் கற்பித்தது?

விலையும் ஒரு சுவரே. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னையிலும் பின்னர் மதுரை முதலிய நகரங்களிலும் அம்மா உணவகங்கள் தோன்றியபொழுது இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார்ச் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய் என விற்றனர். தனியார் அவ்விலைக்கு விற்றல் இயலாது. விற்க வேண்டுமென்றும் நாம் கூறோம். எனினும் நூறு வகைப் பண்டங்கள் அச்சிட்ட பட்டியலில், கூலியாள் ஒருவன் வயிறார உண்ணத்தக்க எளிய சாப்பாடு ஒன்று இடம்பெறுதல் பெருஞ்செலவன்று. மேலமாசி வீதி முதலிய பழைய வீதிகளிலுள்ள சிறுகடைகள் அதனை இன்றும் செய்து வருகின்றன. புதிய கடைகளின் வாடகைப் போட்டியால் முதலில் மறையப்போவனவும் அவையே என்பது நமது அச்சம்.

எண்ணெய், கழிவு ஆகியவற்றைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். காய்ச்சிய எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் தீது. அதிலுள்ள முனைவுச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைக் கடந்தால் பயன்படுத்தலாகாதென்ற விதி 2018ஆம் ஆண்டு முதல் உண்டு. அவ்வெண்ணெயைத் தெருவோரத்துக் கடைக்கு விற்றுவிடாது, எரிபொருள் செய்வோரிடம் கொடுக்க வழியுண்டு. பாத்திரம் கழுவிய கொழுப்பு நீர் சாக்கடையை அடைத்து, முடிவில் வைகையிற் கலக்கின்றது. வைகையில் நீர் ஓடுவதே சில நாள். அந்நாளிலேனும் அது நீராக ஓடட்டும்.

நம் பழைய மாணவருள் இத்தொழிலில் இறங்கியோர் பலர் உளர். இவ்விதழ் அவர்கள் கைக்கும் செல்கின்றது. அவர்களிடம் உரிமையோடு இரண்டு கேட்கின்றோம். கல்லூரி மாணவரை மாலை வேலைக்கு அமர்த்துவோர் இரவு ஒன்பது மணிக்கு அவர்களை விடுவித்து, நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு நடக்கும் வாரங்களிற் கூலியைப் பிடிக்காமல் விடுமுறை அளித்தல் வேண்டும். திறப்பு விழாவிற்குமுன் வாயிற்புறத்தில், உணவு சுமந்து செல்வோர்க்கென நிழலில் ஒரு பெஞ்சும், ஒரு குடிநீர்க் குழாயும் அமைத்தல் வேண்டும். அவ்வாறு செய்த கடையின் பெயரை எமக்கு எழுதியனுப்பினால், அடுத்த ஆண்டு மலரில் அதனை மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.