கரும்பாலைப் பெண்களும் ஒரு சினிமாப் படமும்

கியூபா என்றதும் சர்க்கரை ஞாபகம் வரும், புரட்சி ஞாபகம் வரும். அந்தச் சர்க்கரைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கப்பலேற்றி வரப்பட்ட லட்சக்கணக்கான ஜனங்களையும் நினைக்க வேண்டும். 1886-ல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அந்தக் கறுப்பின ஜனங்களில் ஒருவராக 1942-ல் பிறந்தவர் ஸாரா கோமெஸ். கியூபாவில் முழுநீளப் படம் எடுத்த முதல் பெண்மணி. பெரும்பாலும் டாக்குமெண்டரி படங்களே எடுத்தார்.

1966-ல் தன் சொந்தக் குடும்பத்தையே படம் பிடித்தார். வயதான உறவுக்காரப் பெண்கள் பழங்கதை சொல்லுகிறார்கள். கறுப்பர்களுக்கென்று அந்தக் காலத்தில் சங்கங்கள் இருந்தன. வெள்ளையன் தங்களை வாசலில் நிறுத்தினான் என்று குமுறியவர்களிலேயே வசதி படைத்தவர்கள், தங்கள் இனத்து ஏழையை அதே மாதிரி வாசலில் நிறுத்தினார்கள். நம் வீட்டுக் குறையை நாமே ஊரறியச் சொல்வது லேசான காரியமா? ஸாரா சொன்னார்.

ஆனால் ஆலைத் தொழிலாளிகள் அவசியம் அறிய வேண்டியது 1972-ல் அவர் எடுத்த ‘என் பங்கு’ என்ற படம். சர்க்கரை ஆலைக்கு ஸ்திரீகள் வேலைக்கு வருகிறார்கள். சில நாள் வருவதில்லை. பிறகு நின்றே விடுகிறார்கள். ஆண்கள் குறைப்படுகிறார்கள். பிள்ளையை யார் பார்ப்பது, அடுப்பை யார் மூட்டுவது என்று ஸாராவின் காமிரா கேட்கிறது. ஆலையில் ஒரு ஷிப்டு, வீட்டில் இன்னொரு ஷிப்டு. இரண்டாவதற்குக் கூலி கிடையாது. படத்தைத் தொழிலாளிப் பெண்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் காரசாரமாக வாதாடுவதையும் படத்திலேயே சேர்த்துவிட்டார்!

மாதர் சம்மேளனத்துக்காக எடுத்த இந்தப் படம் அன்று ஜனங்களுக்குத் திரையிடப்படவில்லை. அது தவறு, மழுப்பாமல் சொல்லுவோம். முதலாளியை விரட்டிய நாட்டிலும் வீட்டுக்குள் எஜமானன் இருக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், அது புரட்சிக்கு விரோதமா? புரட்சியைச் சொந்தமென்று நினைப்பவள்தானே அப்படிப் பேசுவாள்!

கடைசிப் படத்தில் ஒரு பள்ளி ஆசிரியையும் பஸ் தயாரிக்கும் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரும் காதலிக்கிறார்கள். சேரியை இடித்துப் புது வீடு கட்டியாகிவிட்டது. ஆனால் ‘நான் ஆம்பிளை’ என்ற பழைய திமிர் அவ்வளவு சீக்கிரம் இடிவதாயில்லை. நடிகர்களோடு அந்தக் குடியிருப்பு ஜனங்களும் அவர்களாகவே வருகிறார்கள்.

இதை முடிக்கும் முன்பே, 1974 ஜூனில், ஆஸ்த்மா அவரைக் கொண்டுபோயிற்று. வயது 31. சக டைரக்டர்கள் வேலையை முடித்து 1977-ல் படத்தை வெளியிட்டார்கள். இடையில், 1975 மார்ச் 8-ல் கியூபாவில் குடும்பச் சட்டம் அமுலுக்கு வந்தது. வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் புருஷனுக்கும் பங்குண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள்.