காற்றில் இருப்பதற்கும் பஞ்சமா?

மந்த வாயுக்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, "எதனுடனும் சேராத வாயுவால் யாருக்கு என்ன பயன், சார்?" என்று யாராவது கேட்பதுண்டு. விளம்பர விளக்குகளில் சிவப்பாக ஒளிரும் நியானைச் சொல்லி அத்துடன் விட்டுவிடுவேன். இப்போது அப்படி விடுவதில்லை.

கணிப்பொறிச் சில்லுகளின் நுண்ணிய கோடுகளைச் சிலிக்கன் தகட்டின் மீது ஒளியால்தான் பதிக்கிறார்கள். இதற்குப் பெரிதும் பயன்படுவது, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைத் தரும் ஆர்கான்-ஃபுளூரைடு லேசர். பெயரில் நியான் இல்லை. ஆனால் அதன் வாயுக் கலவையில் 95 விழுக்காட்டுக்கு மேல் நியான்தான்!

நியான் எல்லா நாட்டுக் காற்றிலும் இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் நியானுக்கு ஏறத்தாழ 55 ஆயிரம் லிட்டர் காற்றைக் குளிர்வித்துப் பிரிக்க வேண்டும். நியானுக்காக மட்டும் இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. உருக்காலைகளோ ஆக்சிஜனுக்காகக் காற்றைப் பெருமளவில் திரவமாக்குகின்றன. நியானின் கொதிநிலை -246 டிகிரி செல்சியஸ் என்பதால், மற்றவை திரவமான பின்னும் அது வாயுவாகவே எஞ்சுகிறது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சோவியத் காலத்தில் எழுந்த உருக்காலைகளில் இப்படிக் கிடைத்த நியான், உக்ரைனில் தூய்மையாக்கப்பட்டு உலகெங்கும் சென்றது. சில்லுத் தொழிலுக்கான நியானில் ஏறத்தாழப் பாதியை மரியுபோல், ஒடேசா நகரங்களிலிருந்த இரண்டே நிறுவனங்கள் அளித்துவந்தன. 2022 இல் போர் மூண்டதும் இரண்டும் உற்பத்தியை நிறுத்தின.

சில்லு ஆலைகள் நின்றுவிட்டனவா? இல்லை. 2014 இல் ரஷ்யா கிரீமியாவைக் கைப்பற்றியபோதே நியான் விலை பல மடங்கு ஏறியிருந்தது. அதில் பாடம் கற்றவர்கள் வாயுவை இருப்பு வைத்தார்கள். லேசரில் செலவாகும் அளவைக் குறைத்தார்கள். தென் கொரியா தன் உருக்காலையிலேயே நியான் எடுக்கத் தொடங்கியது.

குஜராத்தின் தோலேராவில் 2024 இல் சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டினோம். மகிழ்ச்சிதான். ஆனால் ஆலையைக் கட்டிவிட்டால் மட்டும் தற்சார்பு வந்துவிடாது என்பது என் கருத்து. எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது எந்த நாட்டாலும் இயலாது. எந்தப் பொருளுக்கு ஒரே ஊரை நம்பியிருக்கிறோம் என்று முன்கூட்டியே கணக்கெடுப்பதுதான் அறிவுடைமை. நம் உருக்காலைகளும் நாள்தோறும் காற்றைப் பிரிக்கின்றன. அங்கே எஞ்சும் வாயு எதற்கு உதவும் என்று கேட்கும் பொறியாளர்கள் நமக்கு வேண்டும்.

ஆகவே, தனிம அட்டவணையின் கடைசித் தொகுதியை மனப்பாடம் செய்துவிட்டு அப்படியே தாண்டிப் போய்விடாதீர்கள்.