விடுதியும் லயமும்

பண்டாரவளைப் பட்டினத்தின் மேட்டிலே பழைய விடுதி ஒன்று இருக்கிறது. 1893-ஆம் ஆண்டிலே, தேயிலைத் தோட்டத் துரைமார் கூடிக் களிக்கும் மனையாகத் தோன்றிய அது, இன்று பண்டாரவளை ஹோட்டல் என்னும் பெயரோடு பயணிகளை வரவேற்கிறது. பழங்காலத்துப் பித்தளைக் கட்டில்களையும் மரச் சாமான்களையும் பேணிக் காத்து வருவதே அதன் தனிப்பெருமை.

இத்தகைய கட்டடங்களைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. “அந்தக் காலத்து அழகே அழகு” என்று மயங்குவோர் ஒருசாரார். “அடிமை வாழ்வின் சின்னம், அழிந்தால் நட்டமென்ன?” என்று சினப்போர் மறுசாரார். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. விடுதி நிற்கட்டும், ஆனால் அது தன் கதையை முழுவதும் சொல்லட்டும் என்பதே என் துணிபு.

அக்கதைதான் என்ன? 1869-இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அப்பயிரையே வீழ்த்தியது. அதன்பின் மலைச்சரிவெல்லாம் தேயிலை பரவியது. 1894-இல் இருப்புப்பாதை பண்டாரவளையை எட்டியது. 1924-இல்தான் அது பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது. இடைக்காலத்தில் பல ஆண்டுகள் பாதை முடிந்த இடம் பண்டாரவளையே. ஊவாவின் துரைமாருக்கு அவ்வூர் விடுதி எவ்வளவு வாய்ப்பாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

ஆனால், துரைமார் அருந்திய மதுவுக்கும் உறங்கிய கட்டிலுக்கும் விலை கொடுத்தது கொழுந்துக் கூடையல்லவா? திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் பஞ்சம் விரட்டப் புறப்பட்டு, கங்காணி காட்டிய வழியே காட்டிலும் மேட்டிலும் நடந்து வந்தவர்களின் உழைப்பு அது. துரைமார் கழகத்தில் அவர்களுள் ஒருவர் விருந்தினராக அமர்ந்ததில்லை. எனினும் வரலாற்றில் அவர்கள் வாய்மூடி இருந்தவர்களும் அல்லர். 1940-இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்திலே வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த சபையை நிர்வாகம் மதிக்கும்படி செய்தவர்கள் அவர்கள்தாம். விடுதியின் வரலாற்றைச் சொல்வோர் இதையும் சொன்னால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

சட்டமும் இங்கே நமக்குத் துணையாகவில்லை. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடத்தைக் காக்க வேண்டுமாயின் அரசு தனியே அறிவித்தல் வேண்டும். மலையகத் தமிழரின் வரலாறோ 1823-ஐ ஒட்டித் தொடங்குகிறது. முழுவதும் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது. ஆகவே, யார் கேட்டு வாங்குகிறார்களோ அவர்களுடைய கடந்த காலமே காக்கப்படும். விடுதிக்கு வணிகம் என்னும் காவலன் உண்டு. லயத்துக்கு யார் உண்டு?

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோர் எத்தனை பேர் என்பதிலேயே முதலில் சொன்ன எண்ணும் பின்னர் சொன்ன எண்ணும் மாறுபட்டன. ஒரு விடுதியின் வயதை ஆண்டு பிசகாமல் சொல்லும் நாட்டிலே, ஒரு லயத்தின் மக்கள்தொகையை உடனே சொல்ல ஆளில்லாது போயிற்று. பதிவில்லாத வாழ்வு எப்படி முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

“லயத்தைப் பேணுவதா? துன்பத்தையா பேணச் சொல்கிறீர்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மக்கள் எவரும் லயத்திலே வாழக் கூடாது. சொந்த நிலத்திலே சொந்த வீடு பெற்று வெளியேற வேண்டும். அவ்வாறு வெளியேறிய பின், ஆளில்லாத ஒரு லயத்தையாவது சான்றாக நிறுத்துதல் வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007-இல் ஒரு லயமே தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. அது ஊவாவுக்கும் வேண்டும்.

அதுவரையில் ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைப் பள்ளிகளின் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்: எந்த ஊரிலிருந்து வந்தோம்? எந்த மலையில் கொழுந்து எடுத்தோம்? 1964-இன் ஒப்பந்தத்தால் யார் யாரைப் பிரிந்தோம்? பாட்டிமார் மறையும்போது இந்த விடைகளும் மறையும். அவற்றை எந்தப் பணத்தாலும் மீண்டும் வாங்க முடியாது.

விடுதியை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். துரைமாரின் நினைவைப் பேணுவது போலவே, அங்கே சமைத்தவர், பெட்டி சுமந்தவர், தேயிலை பறித்தவர் ஆகியோரின் வரலாற்றுக்கும் ஒரு சுவரை ஒதுக்குங்கள். விருந்தினர் முகஞ்சுளிக்க மாட்டார்கள். தாம் பருகும் தேநீர் யாருடைய கையால் வந்ததென்று அறிந்து பருகுவார்கள்.