ஊறல் தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்

அரிசி ஆலைக்குள் போகும் நெல்லில் எதுவும் வீணாவதில்லை. உமி கொதிகலனில் எரிகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது. நொய்க்கும் விலை உண்டு. மதிப்பில்லாமல் வெளியேறுவது நெல் ஊறிய தண்ணீர் ஒன்றுதான்.

புழுங்கல் அரிசிக்காக ஒரு டன் நெல்லை ஊறவைக்க ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. நெல் குடித்தது போக மிஞ்சும் நீரில் மாவுச்சத்தும் சர்க்கரையும் பாஸ்பரஸும் கரைந்திருக்கும். அது தேங்கினால் புளித்து நாறும். வாய்க்காலில் கலந்தால், இந்தச் சத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். கழிவுநீரின் பிஓடி, அதாவது அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, நீர்நிலையில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், பாசனத்துக்கு நிலத்தில் விட 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கின்றன மத்திய அரசின் பொது விதிகள்.

இது மக்கும் கழிவு என்பதே நமக்குச் சாதகம். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், எரிவாயுவும் கிடைக்கும். பிறகு காற்றூட்டித் தெளியவைத்தால் ஆலைத் தரையைக் கழுவலாம், தென்னைக்குப் பாய்ச்சலாம். மறுபடி நெல் ஊறவைக்க மட்டும் கூடுதல் வடிகட்டல் வேண்டும்.

சிறு ஆலைகளால் இந்தச் செலவைத் தனியே தாங்க முடியாது என்பது நியாயமான வாதம். அதற்கு விலக்கு தீர்வாகாது. அளவுக்கேற்ற விதிதான் தீர்வு. இதேபோல் சர்க்கரையும் அமிலமும் கலந்த கழிவுநீரை வெளியேற்றும் ஒயின் ஆலைகளுக்கு, கலிபோர்னியா 2021இல் கழிவுநீரின் அளவைப் பொறுத்துப் படிநிலை விதிகளை வகுத்தது. நமக்கு அருகிலேயே திருப்பூர் இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு நாசமாகி, 2011இல் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உயிர்பெற்றன. நெல் விளையும் காவிரி டெல்டா அந்த நிலை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டிஎம்சி காவிரி நீருக்காக ஆண்டுதோறும் போராடுகிறோம். வந்த நீரைக் காப்பதும் அதே போராட்டத்தின் பகுதிதான். நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்டெம், சிறு ஆலைகளுக்கேற்ற மலிவான சுத்திகரிப்பு அமைப்பை வடிவமைத்துத் தரட்டும். ஆலைகள் நெருங்கியுள்ள ஊர்களில் பொது நிலையத்துக்கு அரசு மானியம் தரட்டும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலைகள் இந்தச் சுத்திகரிப்பை முதலில் செய்து காட்டட்டும். தனியாரிடம் கேட்கும் தகுதி அப்போதுதான் அரசுக்கு வரும்.