பெரிய கைக்கு எந்த கன்ட்ரோலர்?

செருப்புக் கடையில் 11-ம் நம்பர் கேட்டு வாங்கலாம். கேம் கன்ட்ரோலரில் அந்தப் பேச்சே கிடையாது; ஒரு மாடலுக்கு ஒரே சைஸ்தான். பெரிய கைக்காரர்கள் விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்து, அரை மணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கிறது என்று கையை உதறுவார்கள். எங்கள் வீட்டு அண்ணன் அந்த ரகம்.

2001-ல் முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது கதையே தலைகீழ். அதனுடன் வந்த 'டியூக்' கன்ட்ரோலர் அவ்வளவு பெரிசு. கிண்டல் தாங்கவில்லை. ஜப்பானுக்கென்று சின்னதாக ஒன்று செய்தார்கள்; கடைசியில் அதுவே எல்லா நாட்டுக்கும் வந்து, டியூக் காணாமல் போனது. ஆனால், 2018-ல் ஹைப்பர்கின் நிறுவனம் டியூக்கை மறுபடியும் தயாரித்து விற்றது!

இப்போது வாங்குவதென்றால், என் ஓட்டு பிளேஸ்டேஷன் 5-ன் டூயல்சென்ஸுக்கு. முந்தைய டூயல்ஷாக் 4 சுமார் 210 கிராம், இது 280. கைப்பிடியும் தடிமன், உள்ளங்கை நிறைய உட்காரும். சார்ஜ்தான் சீக்கிரம் இறங்கிவிடும். எக்ஸ்பாக்ஸின் புது கன்ட்ரோலர், சின்னக் கைகளுக்காகக் கொஞ்சம் சுருக்கப்பட்டது. நிண்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருந்தால் ஜாய்-கானை மறந்துவிட்டு, ப்ரோ கன்ட்ரோலர் வாங்குங்கள்.

கன்சோல் இல்லையா? டூயல்சென்ஸை ப்ளூடூத்தில் போனோடு இணைக்கலாம். பிஎஸ் பட்டனையும் கிரியேட் பட்டனையும் சேர்த்து, விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை ஏற்கிற கேமா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது சுண்டுவிரலைக் கவனியுங்கள். அது கைப்பிடியில் பதியாமல் வெளியே தொங்கினால், அந்த மாடல் வேண்டாம். ஏற்கெனவே வாங்கியாச்சா? சிலிக்கான் உறை போட்டால் கொஞ்சம் தடிமன் கூடும்.