வெள்ளைக்காரன் துப்பாக்கியும் நம்ம ஊர் கட்டுக்கதையும்

"அவன் கையில துப்பாக்கி, நம்மாளுங்க கையில வேல்கம்பு. அப்புறம் எப்படிய்யா ஜெயிக்க முடியும்?"

மேலகரத்துல டீக்கடை பெஞ்சுல பாளையக்காரர் பேச்சு வந்தா, அஞ்சாவது நிமிஷத்துல இந்த வசனம் வந்திரும். சினிமாவும் அப்படித்தான் காட்டுது. வெள்ளைக்காரச் சிப்பாய் எங்கேயோ தூரத்துல நின்னு ஒத்தைக் கண்ணை மூடிக் குறி பார்ப்பான், குதிரையில வர்ற நம்ம வீரர் சுருண்டு விழுவார். கேட்க உருக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்துத் துப்பாக்கி என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு பார்த்தா இந்தக் கதை நிக்காது. என்னைக் கேட்டா, இது நம்ம ஆட்களையே மட்டம் தட்டுற கதை.

முதல்ல கொஞ்சம் மெக்கானிக்கல். (சாஃப்ட்வேர்காரனுக்கு இது எதுக்குன்னு கேக்கப்படாது. இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது மிஞ்சட்டும் :-))

கம்பெனிப் பட்டாளம் வச்சிருந்தது 'பிரவுன் பெஸ்' வகைச் சக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்தா கல் இரும்புல உரசும், பொறி கிண்ணத்துல இருக்கிற மருந்துல விழும், அந்தத் தீ சின்ன ஓட்டை வழியா உள்ளே போய்க் குழலுக்குள்ள இருக்கிற மருந்தை வெடிக்க வைக்கும். குழலோட உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். உள்ளே போடுற ஈயக்குண்டு சுமார் 17.5 தான். இந்த இடைவெளி வேணும்னே விட்டது. கருமருந்து ஒவ்வொரு வெடிக்கும் குழல் முழுக்கக் கரியை அப்பிவிடும். குண்டு இறுக்கமா இருந்தா நாலைஞ்சு வெடிக்கு அப்புறம் உள்ளே இறங்காது.

விளைவு? குண்டு குழலுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் இடிச்சுக்கிட்டே வெளியே வரும். கடைசியா எந்தப் பக்கம் இடிச்சதோ, அதுக்கேத்த மாதிரி ஒரு சுழற்சியோட பறக்கும். கிரிக்கெட் பந்து மாதிரி காத்துல வளையும். ஆனா எந்தப் பக்கம் வளையும்னு சுடுறவனுக்கே தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ்ங்கிற ஆங்கிலேயக் கணித மேதை 1740-களிலேயே இதைச் சோதிச்சு எழுதியிருக்கார்.

எவ்வளவு மோசம்? 18-ம் நூற்றாண்டுல பிரஷ்யாவுல ஒரு சோதனை நடத்தினாங்க. எதிரிப் படை வரிசை மாதிரி 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரத்துல ஒரு இலக்கு. அதைப் பார்த்து ஒரு பட்டாளமே சுட்டுது. 75 கஜத்துல (நம்ம கிரிக்கெட் மைதானத்துல பவுண்டரி தூரம்) 60 சதவீதம் பட்டுச்சு. 150 கஜத்துல 40. 225 கஜத்துல 25. கவனிங்க, இது ஒத்தை ஆள் இல்லை, வீட்டுச் சுவர் மாதிரி ஒரு இலக்கு. திருப்பிச் சுட எதிரியும் கிடையாது. ஜார்ஜ் ஹேங்கர்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 200 கஜத்துல ஒருத்தனைக் குறி பார்க்கிறதுக்கு நிலாவைச் சுடலாம்கிற ரீதியில 1814-ல கிண்டலாவே எழுதிட்டார்.

அதனாலதான் சிப்பாய்களைத் தோளோட தோள் உரச வரிசையா நிறுத்துனாங்க. தனி ஆள் குறி முக்கியமில்லை. நூறு பேர் ஒண்ணா சுட்டா, சில குண்டாவது படும்கிற கணக்கு. நல்லாப் பழகினவன் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவான். 50 கஜத்துக்குள்ள அது பயங்கரமான ஆயுதம்தான், மறுக்கலை. சுட்டுட்டு உடனே பயனெட்டோட பாய்வாங்க. ஜெயிச்சது அந்த ஒழுங்கும் மாசாமாசம் வந்த சம்பளமும்.

இன்னொரு சங்கதி, நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும்: சாரல். கிண்ணத்து மருந்து லேசா நமுத்தாப் போதும், துப்பாக்கி வெறும் தடி. 1834-ல இங்கிலாந்துல வூலிச்சில் சோதிச்சப்ப, 6000 தடவை விசையை இழுத்ததுல 922 தடவை சக்கிமுக்கித் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. சோதனைக் களத்திலேயே இந்த லட்சணம்னா, ஆடி மாசக் குத்தாலத்துல நினைச்சுப் பாருங்க!

இப்ப நம்ம ஆட்கள் கிட்ட வருவோம். இவங்க என்ன வெறும் கம்போடவா நின்னாங்க? பாளையக்காரர்கள் கிட்டயும் திரி வச்சுச் சுடுற துப்பாக்கி இருந்தது. முள்வேலி, மண்கோட்டை, நீண்ட ஈட்டி, காட்டுக்குள்ள பதுங்கிக் கிட்டத்துல அடிக்கிறதுன்னு எதிரி ஆயுதத்தோட பலவீனத்துக்கு ஏத்தபடி சண்டை போட்டாங்க. மண்சுவரை ஈயக்குண்டு என்ன பண்ணும்? 1755-ல கர்னல் ஹெரான் புலித்தேவரோட நெற்கட்டும்செவல் கோட்டை முன்னாடி வந்து நின்னார். பெரிய பீரங்கி இல்லை, திரும்பிப் போனார். 1799 செப்டம்பர் 5-ல பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியை நேரடியாத் தாக்கித் தோத்தார். 1801 மார்ச் 31-ல மெக்காலே தாக்குனதும் தோல்விதான். அதே வருஷம் மே 24-ல அக்னியூ பெரிய பீரங்கிகளால சுவரை உடைச்ச பிறகுதான் ஊமைத்துரையோட கோட்டை விழுந்தது.

ஆக, பாஞ்சாலங்குறிச்சியை விழ வச்சது சிப்பாயோட தோள்ல இருந்த துப்பாக்கி இல்லை. வண்டியில இழுத்துட்டு வந்த பீரங்கி. அதுக்குப் பின்னாடி இருந்த பணம், சரக்குப் போக்குவரத்து, பக்கத்துப் பாளையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கிட்ட அரசியல். எட்டயபுரம் எந்தப் பக்கம் நின்னதுன்னு எல்லாருக்கும் தெரியும். கம்பெனி பட்டாளத்துல சுட்டவங்கள்ல முக்கால்வாசி நம்ம நாட்டுச் சிப்பாய்களேங்கிறதும் தெரியும்.

'துப்பாக்கியால தோத்தோம்'னு சொல்றதுல ஒரு வசதி இருக்கு. இந்த ரெண்டையும் பேச வேண்டியதில்லை. ஒருத்தருக்கொருத்தர் சேராமப் போனதைப் பேச வேண்டியதில்லை. பாவம், விவரமில்லாத வீரர்கள்னு ஒரு மாலையைப் போட்டுட்டு வந்திடலாம். அவங்க விவரமில்லாதவங்க இல்லை சார்! அந்தத் துப்பாக்கி எத்தனை கஜம் எட்டும்னு நம்ம சினிமா டைரக்டர்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

சந்தேகம் இருந்தா கம்பெனியையே கேளுங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு, 1801 டிசம்பர் 1-ல பாளையங்கள்ல ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு கவர்னர் கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்) ஒரு பிரகடனம் போட்டார். அதுல துப்பாக்கியும் உண்டு, ஈட்டியும் உண்டு. கோட்டைகளையும் இடிச்சுத் தள்ளுனாங்க. வேல்கம்பு ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னா, ஜெயிச்சவன் ஏன்யா அதுக்குப் போய் ஒரு சட்டம் போடணும்?