விற்றதும் விற்றுப்போட்டதும்

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஓர் உழவர் "வித்துப்போட்டனுங்க" என்றால், எதை என்று எவரும் கேட்பதில்லை. பேச்சு காட்டைப் பற்றியதெனில் காடு. மாட்டைப் பற்றியதெனில் மாடு. இவ்வுரையாடல் கதையில் வரும்போது 'நான் காட்டை விற்றேன்' என்று செம்மைப்படுத்துவோர் உளர். தெளிவு கூடியதாக அவர்கள் கருதலாம். நமக்கு இழப்பே தெரிகிறது.

செயப்படுபொருள் வெளிப்படாமல் நிற்பது தமிழுக்குக் குறையன்று. 13ஆம் நூற்றாண்டு நன்னூல், வினை தரும் ஆறு பொருள்களுள் செய்பொருளையும் ஒன்றாக எண்ணுகிறது. பழங்கிரேக்கத்திலும் சூழலால் விளங்கும் செயப்படுபொருளை விட்டுவிடுவது இயல்பே.

அடுத்தது துணைவினை. முழுமையாக நோக்கிய செயலையும் நடந்துகொண்டிருந்த செயலையும் கிரேக்கம் வினைத்திரிபிலேயே வேறுபடுத்தும். தமிழ் அப்பணியைப் பெரும்பாலும் துணைவினைகளிடம் ஒப்படைக்கிறது. 'விற்றேன்' என்பது நிகழ்ந்ததைச் சொல்லி நின்றுவிடும். 'வித்துப்போட்டேன்' என்பதில் இனி மீட்க இயலாது என்பதும் சேர்கிறது. 'விற்றுவிட்டேன்' அதற்கு நெருங்கியதே. ஆயினும் கொங்குக் காதுக்கு அது வெளியூர்க் குரல். இறுதி 'ங்க' போனதில் எதிரே நிற்பவருக்குரிய மரியாதையும் போயிற்று.

நாமக்கல் மாவட்டத்துக்காரரான பெருமாள்முருகன் 2000இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைத் தொகுத்தளித்தார். வட்டாரச் சொற்களை இன்று பதிப்பாளர்கள் தயங்காமல் அச்சிடுகின்றனர். அதே மதிப்பை வட்டார வினையமைப்புக்கும் தர வேண்டும் என்பதே நம் கருத்து. சேலம், நாமக்கல் சமவெளியின் கதைமாந்தர் சொல்லாமல் விட்டதைப் பதிப்பாசிரியர் நிரப்ப வேண்டியதில்லை, வாசகர் அறிந்துகொள்வார்.